நம் துன்பத்துக்குச் சிரிப்பு, அடுத்தவர் துன்பத்துக்குக் கை



இது நீண்ட பதிவு. "டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் பீரியடு முடியல" என்று சிலர் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், கடைசி வரை படித்துவிட்டு. சிலருக்குக் கோபம் வரும். அதற்கும் தயாராகத்தான் எழுதுகிறேன்.

"பாசிட்டிவ்வா இரு" என்கிற வார்த்தையை, நம் குடும்பக் குரூப்பிலும் நம் பள்ளிக்கூட பேட்ச் குரூப்புகளிலும் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். இதுதான் என் கோரிக்கை. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு குரூப்பில், என்னிடம் படித்த ஒருவன் இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி போட்டான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) அப்பாவுக்குப் பக்கவாதம். ஊரில் அம்மா மட்டும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இவன் திருப்பூரில் நைட் ஷிப்ட். "என்ன செய்யறதுன்னே தெரியல, தூக்கமே வரல" என்று எழுதியிருந்தான். மறுநாள் காலைக்குள் 58 பதில்கள். விடைத்தாளில் மார்க் கூட்டிய பழக்கம், எண்ணிப் பார்த்தேன். கும்பிடும் கை, மடக்கிய புஜம், இதயம் என்று பொம்மை மட்டும் போட்டவர்கள் 37 பேர். "பாசிட்டிவ்வா இரு நண்பா" என்ற வகையில் 12. சூரியன் உதிக்கிற படத்தின் மேல் பொன்மொழி எழுதியது 8. மீதி ஒன்றே ஒன்று: "எந்த ஆஸ்பத்திரிடா? வார்டு நம்பர் அனுப்பு. நான் காலைல போறேன்."

58-ல் ஒன்று. பரீட்சை என்றால் ஒரு மார்க். நான் போட்டிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

உடனே "டீச்சர் அன்பே வேண்டாம்கிறாங்க, சிரிப்பே வேண்டாம்கிறாங்க" என்று கிளம்பாதீர்கள். அன்பு, சிரிப்பு, நம்பிக்கை இந்த மூன்றும் இல்லாமல் 34 வருஷம் ஒன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் ஒருத்தி நின்றிருக்க முடியாது. இந்த மூன்றும் நாம் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றை அடுத்தவருக்குப் போடுகிற உத்தரவுகளாக மாற்றிவிட்டோம் என்பதுதான் என் வழக்கு.

முதலில் திருக்குறளைப் பார்ப்போம். "துன்பம் வந்தால் சிரி என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே" என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கே? 63-வது அதிகாரம், இடுக்கண் அழியாமை. பொருட்பாலில் அரசியல் என்ற பகுதியின் கடைசி அதிகாரம். அதற்கு முந்தைய மூன்றும் என்ன? 60 ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. முனைப்பு வேண்டும், சோம்பல் கூடாது, விடாமல் உழைக்க வேண்டும் என்று முப்பது குறள் சொன்ன பிறகுதான் சிரிப்புக்கு வருகிறார். அதுவும் நாட்டை ஆளும் பொறுப்பில் இருப்பவனுக்கு, அவனுக்கே வந்த துன்பத்தைப் பற்றி. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிற அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்துச் சொல்லச் சொன்ன வசனமாக நான் அதைப் படிக்கவில்லை.

அடுத்தவர் துன்பத்துக்கு என்ன சொன்னார்? 79-வது அதிகாரம், நட்பு. உடுத்தியிருக்கும் துணி நழுவினால் கை யோசித்துக்கொண்டா போகிறது? அப்படி ஓடிப் போய்த் துன்பத்தைத் துடைப்பதுதான் நட்பு என்கிறார். அதே அதிகாரத்தில், கூடிச் சிரிப்பதற்காக மட்டும் நட்பு இல்லை, வழி தவறும்போது இடித்துச் சொல்லவும்தான் என்கிறார். (இந்தப் பதிவை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆக, நமக்குத் துன்பம் வந்தால் சிரிப்பு. அடுத்தவருக்கு வந்தால் கை. நாம் இதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டோம். நம் வீட்டில் கரண்டு போனால் ஊரைக் கூட்டுகிறோம். அடுத்தவன் வீட்டில் இடி விழுந்தால் "எல்லாம் நன்மைக்கே" என்று பொன்மொழி அனுப்புகிறோம்.

"நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும், இது அறிவியல் டீச்சர்" என்று ஒரு வீடியோவை மூன்று பேர் எனக்கு அனுப்பினீர்கள். அந்த அறிவியலையும் பார்ப்போம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியர் இருக்கிறார். படிப்பை முடித்து வேலை தேடும் மாணவர்களை ஆராய்ந்து, 2002-ல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்டார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்கள், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், குறைவான விண்ணப்பங்களே போட்டிருந்தார்கள். அவர்களுக்கு வந்த வேலைகளும் குறைவு, சம்பளமும் குறைவு. ஆனால் "முயன்றால் எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்" என்று கணித்து நம்பியவர்கள் நன்றாகவே வந்தார்கள். கற்பனை வேறு, நம்பிக்கை வேறு. "வாய்ப்பாடு ஏழு வரைக்கும் வந்துடுச்சு, எட்டும் வரும்" என்பது நம்பிக்கை. "வாய்ப்பாடே படிக்காம நூறு மார்க்" என்பது கற்பனை. இரண்டாவதை வளர்க்கத்தான் இந்த வீடியோக்கள் உதவுகின்றன.

இனி சொல்லப்போவதுதான் என்னை எழுத வைத்தது.

என்னோடு பல வருஷம் வேலை பார்த்த ஒரு டீச்சர் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். உங்களில் பலருக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுத்த கை அது. துக்க வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள்: "மனசுல தைரியமா இருந்திருந்தா பொழச்சிருப்பா. கடைசில மனசை விட்டுட்டா, அதான் போயிட்டா."

பிள்ளைகளே, இது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி ஊசி, மருந்து, முடி உதிர்தல், வாந்தி எல்லாம் தாங்கி, ரெண்டு பிள்ளைகளுக்கும் பயப்படாத முகத்தைக் காட்டி, கடைசியில் செத்தும் போனாள். செத்த பிறகும் அவள்மேல் ஒரு குற்றச்சாட்டு: நீ சரியாகச் சிரிக்கவில்லை.

இது உண்மையும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் காயின் என்பவரும் குழுவினரும், தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் வந்த 1,000-க்கும் அதிகமானவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் நாள் வாழ்ந்ததாக அதில் தெரியவில்லை. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரென்ரைக், தனக்கு 2000-ஆம் ஆண்டு மார்பகப் புற்றுநோய் வந்தபோது சுற்றிலும் எல்லோரும் "சிரி, சிரி" என்றதில் நொந்துபோய், பிறகு 2009-ல் இந்தக் கட்டாயச் சிரிப்பை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார்.

மன அமைதி நோயாளிக்கு நல்லதுதான். இருக்கிற நாளை லேசாக்கும், தூக்கம் தரும், சாப்பாடு இறங்கும். அதற்காகவே அது வேண்டும். ஆனால் அழுகிறவளை "அழாதே, அழுதா நோய் கூடும்" என்று மிரட்டாதீர்கள். அவள் அழட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை நீட்டுங்கள். அழுகையும் இருட்டும் நாள் கணக்கில் நீண்டுகொண்டே போனால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். அதற்குப் பொன்மொழி மருந்து ஆகாது. 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிரிப்பு.

ஒரு பேட்ச் குரூப்பில் ஒரு பெண் இருந்தாள். இன்றைக்கு அவளுக்கு 40 வயதுக்கு மேல். கல்யாண வயதை எட்டப்போகிற மகள் இருக்கிறாள். அவள் குரூப்பில் எது எழுதினாலும், பள்ளிக்கூடத்தில் அவளுடைய நிறத்தை வைத்துக் கூப்பிட்ட பட்டப்பெயரைத்தான் ஆண்பிள்ளைகள் சிலர் எழுதுவார்கள். அவளும் சிரிக்கிற பொம்மை போட்டாள். ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை. ஒருநாள் "வெளியேறினார்" என்று ஒரு வரி வந்தது. உடனே ஒருவன்: "சும்மா ஜாலிக்குத்தானே சொன்னோம். பாசிட்டிவ்வா எடுத்துக்கத் தெரியல."

ஏல, நீ குத்துவாய், வலிக்காத மாதிரி நடிக்க வேண்டியது அவள் பொறுப்பா?

பண்புடைமை என்ற 100-வது அதிகாரத்தில், விளையாட்டுக்குக்கூட ஒருவரை இகழ்வது துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். "ஜாலிக்குத்தான்" என்கிற சாக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது போல!

சிரிப்புக்கு ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். அந்த ஜோக் யாரைக் குட்டுகிறது என்று பாருங்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். 1944 கடைசியில் ஒரு கொலை வழக்கில் கைதாகி, மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1947-ல்தான் விடுதலையானார். அவ்வளவு பட்டு வெளியே வந்த மனிதர் 1949-ல் அண்ணாவின் கதையில் 'நல்லதம்பி' எடுத்தார். அதில் அடி யாருக்கு? ஜமீன் பவிசுக்கு, குடிப்பழக்கத்துக்கு. தன் துன்பத்துக்குச் சிரித்தார், அதிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். ஒருத்தியின் தோல் நிறத்தையும் ஒருவனின் தொப்பையையும் வைத்துச் சிரிக்க வைக்க எந்தத் திறமையும் வேண்டாம். நம் சினிமா காமெடியில் பாதி அதுதான், அதை அப்படியே குரூப்புக்குக் கொண்டு வருகிறோம்.

நல்ல சிரிப்பு கதவைத் திறக்கும். மூன்றாம் வகுப்பில் ஒருவன் தினமும் தாமதமாக வருவான். "ஏல, ஏன் லேட்டு?" என்றேன். "நான் லேட் இல்ல டீச்சர், குழாய்தான் லேட்டு" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் அவன் வாய் திறந்தான். அம்மா விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவார், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் அவன் வர முடியும். அதன் பிறகு அவனுக்குக் காலையில் பத்து நிமிஷம் சலுகை. சிரிப்போடு விட்டிருந்தால் அவன் தினமும் வாசலில் நின்றிருப்பான்.

மூன்றாவது, அன்பு.

காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையிடம் "நல்லதையே நினை கண்ணு" என்றால் கணக்கு வராது. காமராஜர் 1956-ல் மதிய உணவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நான் கட்சி பேசவில்லை. பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கிய கை இது, அதனால் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது உப்புமா. அதைக் கொடுக்க அரிசி ரவையும் அடுப்பும், விடியற்காலையில் எழுந்து வரும் ஒரு பெண்ணும் வேண்டும். அன்பு என்பது இப்படித்தான், நேரமும் பாத்திரமும் பணமும் கேட்கும்.

எங்கள் பள்ளிச் சத்துணவு ஆயாவை உங்களுக்கு நினைவிருக்கும். யாரிடமும் இனிமையாகக்கூடப் பேச மாட்டார். "வரிசைல நில்லு, மூஞ்சியப் பாரு" என்றுதான் பேச்சு. ஆனால் எந்தப் பிள்ளை வீட்டில் ராத்திரி அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்காமலே அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூட விழும். இன்றைக்கு அவர் நம் குரூப்பில் இருந்தால் "நெகட்டிவ் பெர்சன்" என்று சொல்லியிருப்பீர்கள்.

இனி என் சொந்தங்களுக்கு. அண்ணாச்சிமாரே, மதினிமாரே, கோபிக்க வேண்டாம்.

நம் சொந்தத்தில் ஒரு மருமகள், படுத்த படுக்கையான மாமியாரை நாலு வருஷமாகப் பார்க்கிறாள். (யார் என்று தேடாதீர்கள், நம்மிடையே இப்படி நாலு வீடாவது இருக்கிறது.) விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் "நீ தெய்வம்மா, எப்பவும் சிரிச்ச முகம்" என்று புகழ்ந்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். அவள் அன்றைக்கு என்னிடம் சொன்னது இதுதான்: "தெய்வம்னு சொல்றதுக்குப் பதிலா, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கிட்டா நான் போய் எங்கம்மாவப் பாத்துட்டு வருவேன் அத்தை." தெய்வம் என்று சொல்லிவிட்டால் லீவு கொடுக்க வேண்டியதில்லை, பாருங்கள். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது அல்லவா!

இன்னொரு வீட்டில், புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் "நல்ல பக்கத்தைப் பாரு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, நீ சிரிச்சுப் பேசினா அவன் மாறிடுவான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இதில் அன்பு எங்கே இருக்கிறது? நம் வீட்டுக்குச் சங்கடம் வராமல் இருக்க அவளை அடிக்குத் திருப்பி அனுப்புகிறோம், அதற்கு ஒரு நல்ல பெயர் வைக்கிறோம். பெண்கள் உதவி எண் 181. இதையும் எழுதி வையுங்கள்.

"நாங்க துபாய்ல இருக்கோம் டீச்சர், வார்த்தை தவிர என்ன கொடுக்க முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வார்த்தையையே வேலையாக்குங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொன்னால், யோசிக்கிற வேலையையும் கூச்சப்படுகிற வேலையையும் கஷ்டத்தில் இருப்பவன் தலையில் கட்டுகிறீர்கள். அதற்குப் பதிலாக, "வியாழக்கிழமை மதியச் சாப்பாடு என் தம்பி கொண்டு வருவான், எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். "காப்பீட்டு அட்டை இருக்கா? இல்லன்னா என்னென்ன காகிதம் வேணும்னு நான் விசாரிக்கிறேன்" என்று சொல்லுங்கள். "பதில் போட வேண்டாம், ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கூப்பிடுறேன், எடுக்க முடிஞ்சா எடு" என்று எழுதுங்கள். கூப்பிட்டால் பத்து நிமிஷம் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். வகுப்பில் நீங்கள் செய்யாத ஒரே வேலை அதுதான், இப்போதாவது பழகுங்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். நம் குடும்பக் குரூப்பில் தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ போட்டு "இனிய காலை வணக்கம்" அனுப்பும் பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள். 78 வயதில் தனியாக இருக்கும் ஒரு பெரியப்பா அனுப்பும் அந்த ரோஜாப்பூவை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வருகைப் பதிவு. "உள்ளேன் ஐயா" என்கிறார். ஒருநாள் பூ வரவில்லை என்றால் உடனே போன் போடுங்கள். வந்த நாளிலும் பதில் போடுங்கள்.

இப்போது வீட்டுப்பாடம். வரும் ஞாயிறுக்குள் ஒருவருக்கு ஒரு வேலை. ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு ராத்திரித் துணை, பேங்க் வரிசையில் ஒரு மணி நேரம், ஆட்டோக் காசு, எது முடியுமோ அது. நீங்கள் கேலி செய்து குரூப்பை விட்டு ஓட வைத்தவர் யாராவது இருந்தால், அவருக்கு ஒரு போன். "ஜாலிக்குத்தான் சொன்னேன்" என்ற வார்த்தை இல்லாமல் மன்னிப்பு.

செய்ததை இங்கே கமெண்டில் எழுத வேண்டாம். போட்டோவும் வேண்டாம். இந்த வீட்டுப்பாடத்தை டீச்சர் திருத்த மாட்டேன், யாருக்குச் செய்தீர்களோ அவர்களே மார்க் போடுவார்கள்.

கும்பிடும் பொம்மை போடுகிறவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்கவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்